விசா கேட்காமல் கிளம்பிய பாட்டு

2015 டிசம்பர் 30. புத்தாண்டுக்கு இன்னும் இரண்டு நாள். யூடியூபில் ஒரு காணொளி ஏறியது. பனி மூடிய மலை. இளஞ்சிவப்பு ரோமக் கோட்டுப் போட்ட 21 வயதுப் பெண் ஒருவர், குளிர் என்றால் என்னவென்றே தெரியாதவர்போல் நின்று பாடுகிறார். தாளம் ஜமைக்கா பக்கத்துத் தாளம். குரலில் கரகரப்பு. சொற்களை இழுத்து, மென்று, கடைசி எழுத்தைப் பட்டென்று கடித்து விடுகிற உச்சரிப்பு. பாட்டின் பெயர் 'பொன்பொன்'. மிட்டாய் என்று பொருள்.

ஜனவரி முடிவதற்குள் அந்தப் பாட்டு ஐரோப்பாவையும் ரஷ்யாவையும் சுற்றி அமெரிக்காவுக்கும் போய்விட்டது. கேட்டவர்களில் பலருக்கு அது எந்த மொழி என்றே தெரியவில்லை. ஸ்பானிஷா, துருக்கியா என்று கேட்டுக்கொண்டே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்கள். பார்வைகள் பத்துக் கோடியைத் தாண்டி ஓடின.

மொழி அல்பேனியம். பாடியவர் ஏரா இஸ்ட்ரெஃபி. ஊர் கொசோவோவின் தலைநகரான பிரிஷ்டினா.

கொசோவோ எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேட வேண்டியிருந்தால் கூச்சப்பட வேண்டாம். பால்கன் பகுதியில், செர்பியாவுக்கும் அல்பேனியாவுக்கும் நடுவே, நம் பேராக் மாநிலத்தில் பாதியளவே உள்ள சிறிய நாடு. மக்கள்தொகை 20 லட்சத்துக்கும் குறைவு. 2008 பிப்ரவரி 17-இல் சுதந்திரம் அறிவித்தது. மலேசியா அதே ஆண்டு அக்டோபரில் அதை நாடாக ஏற்றுக்கொண்டது. சிங்கப்பூர் ஏற்றுக்கொண்டது 2016 டிசம்பரில், அதாவது 'பொன்பொன்' வெளிவந்து ஏறக்குறைய ஓராண்டு கழித்து. செர்பியாவும் ரஷ்யாவும் இன்றுவரை ஏற்கவில்லை. ஒரு நாட்டுக்கு முன்னால் அதன் பாட்டு போய்ச் சேர்வது எப்போதாவது நடக்கிற காரியம். இந்த வாரம் அதைப் பற்றித்தான்.

ஏரா பிறந்தது 1994 ஜூலை 4-ஆம் தேதி. அல்பேனிய மொழியில் 'ஏரா' என்றால் காற்று. அம்மா சுசானா தாகிர்சிலாய் அந்த ஊரில் பேர்பெற்ற பாடகி. அப்பா தொலைக்காட்சி ஒளிப்பதிவாளர். அக்கா நோரா இஸ்ட்ரெஃபி, தங்கைக்கு முன்பே பாடிப் புகழ்பெற்றவர். பாட்டும் கேமராவும் புழங்கிய வீடு.

ஆனால் அந்த வீட்டுக்கு வெளியே இருந்த காலம் சாதாரணக் காலமல்ல. 1989-இல் கொசோவோவின் தன்னாட்சி பறிக்கப்பட்டது. 1990 ஜூலையில் பிரிஷ்டினா வானொலி, தொலைக்காட்சி நிலையத்தில் செர்பியக் காவல்துறை நுழைந்தது. அல்பேனிய ஒலிபரப்பு நின்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் வேலையிழந்தார்கள். பள்ளிக்கூடங்களில் அல்பேனியப் பாடத்திட்டத்துக்கு இடமில்லாமல் போகவே, ஆசிரியர்கள் பிள்ளைகளை வீட்டுக் கூடங்களிலும் நிலவறைகளிலும் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்கள். வீட்டில் உள்ளவர்கள் நாற்காலிகளை ஒதுக்கி, வரவேற்பறையையே வகுப்பறையாக்கிக் கொடுத்தார்கள். இது ஒரு மாதம், இரண்டு மாதம் நடந்த கதை அல்ல. ஏறக்குறைய பத்து ஆண்டுகள். அந்தக் காலத்தில் அல்பேனியப் பாடகராக இருப்பது என்றால், பாட மேடையும் ஒலிபரப்ப நிலையமும் இல்லாத பாடகராக இருப்பது.

பிறகு போர். 1999 மார்ச் 24-இல் தொடங்கிய நேட்டோ குண்டுவீச்சு 78 நாள் நீடித்தது. அந்தச் சில மாதங்களில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கொசோவோ அல்பேனியர்கள் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். ஏராவுக்கு அப்போது ஐந்து வயதுகூட நிறையவில்லை. 2004-இல், பத்து வயதில், அப்பாவை இழந்தார். அம்மா மேடையை விட்டு ஒதுங்கினார். பாட்டுப் பொறுப்பு அடுத்த தலைமுறைக்கு வந்தது, முதலில் நோராவுக்கு, பிறகு ஏராவுக்கு.

போருக்குப் பிந்திய பிரிஷ்டினா இளைஞர்களின் ஊர். ஐரோப்பாவிலேயே இளவயதினர் விகிதம் மிக அதிகமுள்ள நாடுகளில் கொசோவோவும் ஒன்று. வேலை குறைவு, காப்பிக்கடைகள் அதிகம், கையில் இணையம். வெளிநாட்டு விசா கிடைப்பதோ குதிரைக்கொம்பு. ஹிப் ஹாப் வளர இதைவிடத் தோதான மண் கிடைக்குமா? விலையுயர்ந்த வாத்தியங்கள் வேண்டாம். ஒரு கணினி, ஒரு ஒலிவாங்கி, சொல்வதற்கு ஏதாவது இருந்தால் போதும். லெட்ரி வுலா போன்ற ராப் பாடகர்கள் வளர்ந்தது அந்த மண்ணில்தான். பின்னாளில் ஏரா அவருடன் சேர்ந்து 'ஷூம் பிஸ்' பாடினார்.

ஏராவின் முதல் பாட்டு 2013-இல் வந்தது. பெயர் 'மனி பெர் மணி'. பாதி அல்பேனியம், பாதி ஆங்கிலம். பணத்தின் மேல் பித்து என்று சொல்லலாம். அதன்பின் வந்த பாட்டுகளின் தலைப்புகளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 'எ டெஹுன்', 'அ போ டோன்', 'ஞோ சி தி'. பள்ளியில் படித்த அல்பேனியர் ஒருவர் இவற்றைச் சிவப்பு மையால் திருத்துவார். காரணம் இருக்கிறது.

அல்பேனியத்தில் இரண்டு பெரிய வட்டார வழக்குகள் உண்டு. வடக்கிலும் கொசோவோவிலும் பேசுவது கேக். தெற்கில் பேசுவது டோஸ்க். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சின்னதல்ல. அவர்கள் தங்கள் நாட்டைச் சொல்லும் பெயரே தெற்கில் ஷ்கிபெரியா, வடக்கில் ஷ்கிப்னியா. 1972-இல் டிரானா நகரில் நடந்த எழுத்திலக்கண மாநாடு பொதுமொழியை வகுத்தபோது, அடித்தளமாக எடுத்துக்கொண்டது பெரும்பாலும் தெற்கத்தி டோஸ்க். அன்றைய ஆட்சியாளர் என்வர் ஹோஜாவும் தெற்கத்திக்காரர்தான். எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்த கொசோவோ அல்பேனியர்கள், மொழி ஒன்றாக இருந்தால் இனம் ஒன்றாக இருக்கும் என்று நினைத்து, அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1968-இல், டிரானா பின்பற்றும் பொதுமொழியே தங்களுக்கும் என்று முடிவு செய்துவிட்டார்கள். பாடப்புத்தகம், செய்தி, மேடைப்பேச்சு எல்லாம் டோஸ்க் வழிவந்த மொழியில். வீட்டில் அம்மா திட்டுவது மட்டும் கேக்கில்.

நமக்கு இது புரியாத விஷயமா? 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று வீட்டில் யார் சொல்கிறோம்? 'வந்துக்கிட்டிருக்கேன்' என்கிறோம். நம் பேச்சுமொழிக்குத் திரைப்படப் பாட்டில் இடம் கிடைத்து வெகுகாலம் ஆகிறது என்பதால் அதன் அருமை நமக்கு உறைப்பதில்லை.

போதையேறியவள் என்பதற்குப் பொதுமொழியில் 'எ டெஹுர்'. பிரிஷ்டினா பேச்சில் 'எ டெஹுன்'. தெற்கத்திக்காரர் 'ர்' என்று முடிப்பதை வடக்கத்திக்காரர் 'ன்' என்று முடிக்கிறார். ஒரே ஒரு எழுத்து. ஆனால் அந்த எழுத்தைத் தலைப்பிலேயே போட்டுப் பாடும்போது, 'நான் பாடப்புத்தகத்தில் இருந்து பேசவில்லை, எங்கள் தெருவில் இருந்து பேசுகிறேன்' என்று கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும். 'ஞோ சி தி'யும் அப்படித்தான். 'உன்னைப் போல் ஒருவர்' என்று பொருள். பொதுமொழியில் 'ஞெ' என்று இருக்க வேண்டியது 'ஞோ' ஆகியிருக்கிறது. 'பொன்பொன்' முழுக்க இந்த வழக்கில்தான் ஓடுகிறது. வெளியார் காதுக்குப் புதிதாகவும் முரடாகவும் ஈர்ப்பாகவும் கேட்ட அந்தக் கடிபட்ட சொற்கள், பிரிஷ்டினாவில் அன்றாடம் காய்கறி வாங்குகிற பேச்சு.

'எ டெஹுன்' வேறொரு சர்ச்சையையும் கிளப்பியது. பிரிஷ்டினா பல்கலைக்கழக வளாகத்தில் கட்டி முடிக்கப்படாத செர்பிய ஆர்த்தடாக்ஸ் தேவாலயம் ஒன்று நிற்கிறது. 1990-களில் தொடங்கிய வேலை 1999 போரோடு நின்றது. அல்பேனியர்கள் பலருக்கு அது மிலோசெவிச் ஆட்சி தங்கள் பல்கலைக்கழக நிலத்தில் நட்டுவைத்த அரசியல் சின்னம். செர்பியர்களுக்கு அது ஆண்டவன் வீடு. அந்தக் கட்டடத்துக்குள் பாட்டுக் காணொளியைப் படமெடுத்தார்கள். செர்பியத் திருச்சபை கடுமையாகக் கண்டித்தது. கட்டடத்தின் வரலாறு எதுவாக இருந்தாலும், ஒருவர் புனிதமாக நினைக்கும் இடத்தில் போதையைப் பற்றிய பாட்டைப் படமெடுத்திருக்க வேண்டாம் என்பதே என் எண்ணம். கோவிலும் பள்ளிவாசலும் ஒரே தெருவில் இருக்கும் ஊரில் வாழ்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அதேவேளை, 20 வயதை ஒட்டிய ஒரு பெண்ணும் அவருடைய நண்பர்களும் ஊர் நடுவே பாழாய் நிற்கிற கட்டடத்தில் என்ன பார்த்திருப்பார்கள் என்பதும் எனக்குப் புரிகிறது.

'பொன்பொன்' பரவியதும் எழுந்த முதல் பேச்சு, இவர் ரிஹானாவின் நகல் என்பது. ஒப்பீடு தப்பவே முடியாதது. குரலில் சாயல் இருக்கிறது. தாளமும் கொசோவோவில் முளைத்ததல்ல. டான்ஸ்ஹால் என்ற ஜமைக்கா இசை, அமெரிக்க ராப் தயாரிப்பாளர்களின் கைவழியாக உலகமெங்கும் போனது, பிரிஷ்டினாவுக்கும் வந்தது. கடன் வாங்கிய தாளம்தான், ஐயமில்லை.

ஆனால் இதையும் சேர்த்துப் பாருங்கள். 'பொன்பொன்' வந்து நான்கு வாரத்தில், 2016 ஜனவரி 27-இல், ரிஹானாவின் 'வொர்க்' வந்தது. அதில் அவர் தம் கரீபியன் தீவுகளின் பேச்சுவழக்கில் பாடினார். உடனே இணையத்தில், என்ன உளறுகிறார், ஒன்றும் புரியவில்லை என்று ஏளனம். அது உளறலல்ல, ஒரு மக்கள்கூட்டத்தின் பேச்சு என்று பார்படோஸ்காரர்களும் ஜமைக்காக்காரர்களும் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பாட்டு அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. ஏறக்குறைய ஒரே நேரத்தில், உலகின் இரண்டு மூலைகளில், இரண்டு பெண்கள் ஒரே குடும்பத்துத் தாளத்தில் வீட்டுப் பேச்சில் பாடினார்கள். நகல் என்று சொல்லிக் கடந்துபோனால் இது கண்ணில் படாது.

சரி, பாட்டு உலகம் சுற்றியது. பாடியவர்?

இங்கேதான் கதை உறைக்கிறது. 2016-இல் கொசோவோக் கடப்பிதழ் வைத்திருப்பவர் ஜெர்மனிக்கோ பிரான்சுக்கோ ஒரு வாரம் போய்வர விசா எடுக்க வேண்டும். அழைப்புக் கடிதம், வங்கிக் கணக்கு அறிக்கை, வேலைச் சான்று, மறுத்தாலும் திரும்பி வராத கட்டணம், தூதரக வாசலில் காத்திருப்பு. சுற்றியிருந்த செர்பியா, மாண்டினிக்ரோ, வட மாசிடோனியா, அல்பேனியா எல்லா நாட்டவருக்கும் இந்தத் தொல்லை 2010-க்குள் நீங்கிவிட்டது. கொசோவோக்காரர்களுக்கு மட்டும் நீங்கவில்லை. நான்கு பக்கமும் கதவு திறந்த வீட்டின் நடு அறையில் அவர்கள் மட்டும் பூட்டப்பட்டிருந்தார்கள். நம்மில் மலேசிய, சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் விமான நிலையக் கவுண்டரில் அரை நிமிடத்தில் கடந்து போவதை நினைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

பாட்டு வெளிவந்த மறுமாதமே, 2016 ஜனவரியில், அல்பேனிய அரசு ஏராவுக்குக் குடியுரிமை வழங்கியது. செய்திகளில் அது ஒரு பாராட்டாக, கௌரவமாக வந்தது. கௌரவம்தான். ஆனால் ஐரோப்பாவில் இன்றிரவு ஒரு மேடை, மூன்று நாள் கழித்து இன்னொரு மேடை என்று ஓட வேண்டிய பாடகிக்கு, அல்பேனியக் கடப்பிதழ் சட்டம்போட்டு மாட்டிவைக்கிற பட்டயமல்ல; தொழில் கருவி. அவருடைய வயதுள்ள, பாடத் தெரியாத, பிரிஷ்டினாவின் மற்றப் பிள்ளைகளுக்கு அந்தக் கருவி கிடைக்கவில்லை.

ஒப்பந்தங்கள் வந்தன. அல்ட்ரா, ஆர்சிஏ என்ற பெரிய நிறுவனங்கள் அவரை எடுத்துக்கொண்டன. முதலில் செய்த காரியம் 'பொன்பொன்' பாட்டுக்கு ஆங்கில வடிவம். வணிகக் கணக்கில் பார்த்தால் சரியான முடிவு. ஆங்கில வானொலிகள் புரியாத மொழிப் பாட்டைப் போடத் தயங்கிய காலம் அது. 'டெஸ்பாசிட்டோ' வந்து அந்தத் தயக்கத்தை உடைத்தது 2017-இல்தான். ஆனால் இரண்டு வடிவத்தையும் அடுத்தடுத்துக் கேட்டால் எனக்குத் தோன்றுவது இதுதான்: ஆங்கிலத்தில் அவர் ஒரு நல்ல பாடகி. அல்பேனியத்தில் அவர் ஏரா. ஆங்கில வடிவத்தில் அந்தக் கடிபட்ட கடைசி எழுத்துகள் இல்லை. சொற்கள் வழுக்கிக்கொண்டு போகின்றன.

அதன்பின் வந்த 'ரெட்ரம்', பிரெஞ்ச் மொன்டானாவுடன் பாடிய 'நோ ஐ லவ் யூஸ்' இரண்டும் 2017-இல் ஆங்கிலத்தில் வந்தவை. மோசமான பாட்டுகளல்ல. 'பொன்பொன்' செய்ததை அவை செய்யவில்லை.

பிறகு 2018. ரஷ்யாவில் உலகக் கிண்ணக் காற்பந்து. அதிகாரபூர்வப் பாட்டு 'லிவ் இட் அப்'. பாடியவர்கள் நிக்கி ஜாம், நடிகர் வில் ஸ்மித், மூன்றாவதாக ஏரா இஸ்ட்ரெஃபி. தயாரிப்பு டிப்லோ.

அந்தக் கோடையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஜூன் 22-இல் கலினின்கிராட் திடலில் சுவிட்சர்லாந்து செர்பியாவை 2-1 என்று வென்றது. சுவிட்சர்லாந்தின் இரண்டு கோல்களையும் அடித்த கிரானிட் ஷாக்காவும் ஷெர்டான் ஷாக்கிரியும் கொசோவோ அல்பேனிய வேர் கொண்டவர்கள். இருவரும் கோலுக்குப் பிறகு நெஞ்சுக்கு முன்னால் கைகளைக் கோத்து இருதலைக் கழுகு காட்டினார்கள். அல்பேனியக் கொடியில் இருக்கும் கழுகு. ஆளுக்குப் பத்தாயிரம் சுவிஸ் பிராங்க் அபராதம் விழுந்தது. அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு மூன்று வாரத்தில், ஜூலை 15-ஆம் தேதி, மாஸ்கோ லூஸ்னிகி திடலில் நிறைவு விழா. நம் நேரப்படி இரவு 11 மணிக்கு பிரான்சும் குரோஷியாவும் இறங்குவதற்குச் சற்று முன்பு, கொசோவோவை நாடாகவே ஏற்காத நாட்டின் தலைநகரில், கொசோவோப் பெண் ஒருவர் உலகமே பார்க்கிற மேடையில் நின்று பாடினார்.

நம் வீடுகளிலும் அன்றிரவு பலர் அதைப் பார்த்திருப்போம். யாரென்று எத்தனை பேர் கவனித்தோம்? குறை சொல்லவில்லை, கவனிக்கும்படி அந்தப் பாட்டு எதையும் தரவில்லை. ஆங்கிலமும் ஸ்பானிஷும் கலந்த, யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் பாடக்கூடிய பாட்டு. எட்டு ஆண்டுகளுக்கு முன்பு ஷகிரா பாடிய 'வாக்கா வாக்கா'வை இன்றும் பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் கேட்கிறோம். 'லிவ் இட் அப்' பாட்டை யார் முணுமுணுக்கிறார்கள்? அவருக்குக் கிடைத்த மிகப் பெரிய மேடையில், அவரை அந்த மேடை வரை கொண்டுவந்த மொழிக்கு இடமில்லாமல் போனது. எனக்கு இதில் வருத்தம்தான்.

அல்பேனிய வேர் கொண்ட பாடகிகள் என்றதும் ரீட்டா ஓரா, துவா லிப்பா, பீபி ரெக்ஸா பெயர்கள் நினைவுக்கு வரும். மூவருமே பெரிய நட்சத்திரங்கள், ஏராவைவிடப் பெரியவர்கள். ரீட்டா பிறந்தது பிரிஷ்டினாவில். குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் லண்டனுக்குப் போய்விட்டது. துவா பிறந்தது லண்டனில். பள்ளிப் பருவத்தில் சில ஆண்டுகள் பிரிஷ்டினாவில் இருந்துவிட்டு, 15 வயதில் பாட்டுக்காகவே லண்டன் திரும்பினார். பீபி நியூயார்க்கில் பிறந்து வளர்ந்தவர். ஆங்கிலம் மூவருக்கும் வளர்ந்த மொழி. ஏரா மட்டும்தான் உள்ளூரிலேயே வளர்ந்து, உள்ளூரிலேயே பாடி, அந்தப் பாட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவர். அவர்களோடு வைத்து இவருடைய உயரத்தை அளப்பது நியாயமில்லை. புறப்பட்ட இடம் வேறு.

ஆங்கிலப் பாட்டுகளுக்குப் பிறகு ஏரா அல்பேனியத்துக்குத் திரும்பினார். 'ஆஸ் நி கோத்' என்ற பாட்டின் தலைப்பிலேயே மறுபடி வடக்கத்தி வழக்கு. 'ஒரு குவளைகூட இல்லை' என்று பொருள். ரஷ்யாவில் அவருக்கு ரசிகர்கள் குறையவில்லை; 2019-இல் எல்ஜே என்ற ரஷ்ய ராப் பாடகருடன் சேர்ந்து 'சயோனாரா தேத்கா' பாடினார். ஒன்றை மற்றொன்று நாடாகவே ஏற்காத இரண்டு நாடுகளில் ஒரே பாட்டை இளைஞர்கள் ஒலிக்கவிட்டார்கள்.

2024 ஜனவரி 1-ஆம் தேதி முதல் கொசோவோக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் ஷெங்கன் நாடுகளுக்கு விசா இல்லாமல் போகலாம். 'பொன்பொன்' வெளிவந்து எட்டு ஆண்டுகளும் இரண்டு நாளும் ஆகியிருந்தன.

இந்த வாரம் கேட்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேடும்போது ஆங்கில வடிவமும் மேலே வந்து நிற்கும். அதை விட்டுவிட்டு முதலில் அல்பேனிய வடிவத்தைப் போடுங்கள். பொருள் தேட வேண்டாம். அது ஒரு கொண்டாட்டப் பாட்டு, பெரிய தத்துவம் ஒன்றும் அதில் ஒளிந்திருக்கவில்லை. சொற்கள் முடிகிற இடத்தை மட்டும் கவனியுங்கள். பிறகு நேரம் இருந்தால் 'ஞோ சி தி'.